உணவூட்டும் குழாயை எடுக்க முன்னர்: வீட்டில் பராமரிப்போர் அறிந்திருக்க வேண்டியவை

பாரிசவாதம் வந்தவர், தலையில் அடிபட்டவர், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் என்று பலர் மூக்கிலோ வயிற்றிலோ ஒரு குழாயுடன் வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். விடுதியில் இருந்தபோது அந்தக் குழாயைத் தாதியர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த பின்னர் அது மனைவியின் பொறுப்பு, அல்லது மகளின் பொறுப்பு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரே இன்னொருவருக்குக் குழாய்வழியே கஞ்சி கொடுத்துப் பராமரிப்பதையும் காணலாம்.

குழாய் போட்ட நாளில் இருந்து எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி ஒன்றுதான். இதை எப்போது எடுப்பார்கள்? நோயாளிக்கு அது தொந்தரவு. பார்க்க வருபவர்களுக்கு அது பயம். வாயால் இரண்டு கரண்டி கஞ்சி குடித்துவிட்டால் "இனி ரியூப் எதற்கு, கழற்றி விடலாம்தானே" என்று யாராவது சொல்வார்கள். அந்த ஆசை நியாயமானது. ஆனால் வயிற்றுக் குழாயை வீட்டில் இழுத்து எடுப்பதால் உயிராபத்து வரலாம்.

குழாயை எடுக்கும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அது ஆபத்தில்லாமல் முடியுமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று விடயங்கள்: அது எந்த வகைக் குழாய், எந்தத் திகதியில் போடப்பட்டது, உள்ளே அதைப் பிடித்து வைத்திருப்பது எது. இந்த மூன்றுக்கும் உங்கள் வீட்டில் விடை இருந்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

குழாய்கள் எல்லாம் ஒன்றல்ல

முதலாவது, மூக்குவழிக் குழாய். மூக்குத் துவாரத்தால் சென்று தொண்டை வழியே இரைப்பையில் முடியும் மெல்லிய குழாய் இது. உள்ளே இதைப் பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லை. மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டிய பிளாஸ்ரர்தான் பிடிமானம். சில கிழமைகளுக்கு மட்டும் தேவைப்படும் என்றால் இதைத்தான் போடுவார்கள். சாதாரண பிளாஸ்ரிக்கில் செய்த குழாயை ஏறத்தாழ ஒரு கிழமை முதல் பத்து நாளுக்குள் மாற்ற வேண்டும். சிலிக்கோன் அல்லது பொலியூரித்தேன் குழாய் நான்கு முதல் ஆறு கிழமை வரை இருக்கலாம்.

இரண்டாவது, வயிற்றுவழிக் குழாய். மேல்வயிற்றின் தோலில் சிறு துவாரம் இட்டு, நேராக இரைப்பைக்குள் வைக்கப்படுவது. முன்பு இதற்கு வயிற்றைத் திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. 1979 இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் கௌடரர், ஜெஃப்ரி பொன்ஸ்கி என்ற இரு வைத்தியர்கள் வாய்வழியே எண்டோஸ்கோபியைச் செலுத்தி, வயிற்றைத் திறக்காமலே குழாய் வைக்கும் முறையைக் கண்டறிந்தார்கள். முதலில் அவர்கள் அதைச் செய்தது ஒரு கைக்குழந்தைக்கு. இன்று உலகெங்கும் "பெக்" குழாய் என்று அழைக்கப்படுவது இதுதான். நம்மவர்கள் "கமரா விட்டு வைத்த ரியூப்" என்று சொல்வதும் இதையே.

மூன்றாவது, சிறுகுடலுக்குள் வைக்கப்படும் குழாய். இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் வேறு சிலருக்கும் இது வைக்கப்படும். பெரும்பாலும் தோலோடு தைத்திருப்பார்கள். வெளியில் பார்க்க வயிற்றுவழிக் குழாய் போலவே இருக்கும். இதை எடுப்பது சத்திரசிகிச்சை வைத்தியரின் முடிவு.

உள்ளே பிடித்திருப்பது எது?

வயிற்றுவழிக் குழாய் வெளியே வந்துவிடாமல் இருக்க, இரைப்பையின் உட்பக்கத்தில் ஒரு தடுப்பு இருக்கும். அது இரண்டு விதமானது.

ஒன்று பலூன். குழாயின் உள்முனையில் சிறிய பலூன் ஒன்று தண்ணீரால் நிரப்பப்பட்டிருக்கும். வெளியே உணவு செலுத்தும் வாயைத் தவிர இன்னொரு சிறிய வாயும் இருக்கும். அதில் எத்தனை மில்லிலீற்றர் என்று அச்சிடப்பட்டிருக்கும். அந்த வாய் பலூனுக்கு உரியது. அதில் உணவோ மருந்தோ செலுத்தக்கூடாது. பலூன் காலப்போக்கில் பழுதாகிவிடும் என்பதால் இவ்வகைக் குழாயை மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவார்கள்.

மற்றது வட்டத் தட்டு. சட்டைப் பொத்தானை அல்லது சிறிய குமிழியை ஒத்த மென்மையான தடுப்பு இது. இதற்குத் தண்ணீர் இல்லை, வெளியே இரண்டாவது வாயும் இல்லை. எண்டோஸ்கோபி மூலம் முதன்முதலில் வைக்கும் குழாய் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடியது.

பலூன் குழாயை எடுப்பதும் தட்டுக் குழாயை எடுப்பதும் வெவ்வேறு வேலைகள். தட்டுக் குழாயைப் பலூன் குழாய் என்று நினைத்து இழுத்தால் தோலும் இரைப்பைச் சுவரும் கிழியலாம். சிலருக்கு அந்தத் தட்டு மெல்ல மெல்ல இரைப்பைச் சுவருக்குள்ளேயே புதைந்துவிடுவதும் உண்டு. குழாயை உள்ளே தள்ளவோ சுழற்றவோ முடியாமல் இறுகியிருந்தால், உணவு செலுத்தும்போது வலித்தால், உடனே கிளினிக்கில் காட்ட வேண்டும்.

திகதி ஏன் முக்கியம்?

வயிற்றுவழிக் குழாய் வைத்த முதல் நாட்களில் இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒட்டியிருப்பதில்லை. குழாய்தான் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாட்கள் போகப் போக அதைச் சுற்றித் தழும்புத் திசு வளர்ந்து, தோலில் இருந்து இரைப்பை வரை ஒரு பாதை உருவாகும். இதற்குச் சாதாரணமாக இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். நீரிழிவு உள்ளவர்கள், உடல் மெலிந்து போசணை குறைந்தவர்கள், ஸ்ரீரொயிட் மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு இன்னும் கூடுதலான காலம் தேவைப்படும்.

பாதை உருவாக முன்னர் குழாய் வெளியே வந்தால் இரைப்பை வயிற்றுச் சுவரை விட்டு விலகிவிடும். அதன் துவாரத்தால் உணவும் அமிலமும் வயிற்றறைக்குள் கசியும். இது உயிராபத்தான தொற்று. எனவே குழாய் வைத்து ஒரு மாதம் ஆகவில்லை என்றால், அது தற்செயலாக வெளியே வருவதும் அவசர நிலைமைதான்.

பாதை நன்றாக உருவான பிறகு நிலைமை மறுதலை. குழாய் வெளியே வந்த சில மணித்தியாலங்களிலேயே துவாரம் சுருங்கத் தொடங்கும். குழாய் இனித் தேவையில்லை என்றால் இது நல்லது. தேவை என்றால் நேரத்தோடு ஓட வேண்டும்.

எடுக்கலாம் என்று யார் சொல்வது?

வாயால் கொஞ்சம் சாப்பிடுகிறார் என்பது மட்டும் போதாது. பின்வருவனவற்றை வைத்தியர்கள் பார்ப்பார்கள்.

1. விழுங்கும் திறன் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இதைச் செய்பவர் பேச்சுச் சிகிச்சையாளர். பேச்சுக்கு மட்டும் உரியவர் என்று பலர் நினைக்கிறார்கள். விழுங்குதலைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பதும் அவரே.

2. தேவையான உணவும் தண்ணீரும் முழுவதும் வாயாலேயே போக வேண்டும். சில கிழமைகளுக்குக் குழாயில் உணவு கொடுக்காமல், அதைத் தண்ணீரால் கழுவி மட்டும் வைத்திருந்து பார்ப்பது நல்ல முறை. அந்தக் காலத்தில் நிறை குறையக்கூடாது.

3. மாத்திரைகளை வாயால் விழுங்க முடிய வேண்டும். வலிப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகள் ஒரு நாளும் தவறக்கூடாதவை.

4. அண்மையில் நெஞ்சுச் சளி, நிமோனியா வந்திருக்கக்கூடாது. சத்திரசிகிச்சையோ கதிர்ச் சிகிச்சையோ இனி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் சிரமம் இருக்கும். அவர்களில் பெரும்பாலானோருக்கு முதல் சில கிழமைகளில் அது தேறிவிடும். அதனால்தான் முதல் இரண்டு மூன்று கிழமைக்கு மூக்குவழிக் குழாயோடு காத்திருந்து பார்ப்பார்கள். தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இதற்கு மாறாக, சிகிச்சை முடிந்த பிறகும் புண் ஆறி விழுங்கல் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு எடுத்த குழாயை மெலிந்த உடம்பில் மீண்டும் வைப்பது இன்னும் சிரமம்.

வீட்டுச் சோதனைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. "முதலில் ஒரு வாய் தேத்தண்ணி கொடுத்துப் பார்ப்போம்" என்பது எங்கள் வழக்கம். விழுங்கல் பலவீனமானவருக்கு மிகக் கடினமானது தேத்தண்ணி, தண்ணீர், இளநீர் போன்ற நீர்மையான பானங்களே. தொண்டை மூடிக்கொள்ள முன்னரே அவை மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. மூன்றாம் நாள் காய்ச்சலோடும் மூச்சுத் திணறலோடும் வைத்தியசாலைக்கு வரும்போதுதான் உணவு நுரையீரலுக்குப் போயிருப்பது தெரியும். நீரும் திடப்பொருளும் கலந்த ஒடியல்கூழ் போன்றவை இன்னும் கடினம். எந்தப் பதத்தில் தொடங்குவது என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லட்டும். கொடுக்கும்போது நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகும் அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது.

வயிற்றில் பழைய காயம் உள்ளவர்கள்

குழாயை எடுக்கும் நாளில் எங்கள் மக்கள் மறந்துபோகும் ஒரு தகவல் உண்டு. அது போர்க்காலத்தில் வயிற்றில் பட்ட காயமும் அதற்குச் செய்த சத்திரசிகிச்சையும்.

தட்டுக் குழாயை எடுக்கும் முறைகளில் ஒன்று, தோல் மட்டத்தில் குழாயை வெட்டி உள்ளே இருக்கும் தட்டை இரைப்பைக்குள் விட்டுவிடுவது. சில நாட்களில் அது மலத்தோடு வெளியேறிவிடும். எண்டோஸ்கோபி தேவையில்லை என்பதால் சில இடங்களில் இம்முறையைக் கையாள்கிறார்கள். குடல் தடையின்றித் திறந்திருப்பவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையின்றி முடிந்துவிடும்.

ஆனால் ஷெல் துண்டோ துப்பாக்கிச் சன்னமோ பட்டு வயிறு திறக்கப்பட்டவர்களின் நிலை வேறு. வயிற்றறையில் சத்திரசிகிச்சை நடந்தால் குடல் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது வழக்கம். குடலின் ஒரு பகுதியை வெட்டி இணைத்திருந்தால் அந்த இடம் ஒடுங்கியிருக்கலாம். பதினைந்து, இருபது, முப்பது வருடம் கழித்தும் அந்த ஒட்டும் ஒடுக்கமும் அப்படியே இருக்கும். வெட்டி விட்ட தட்டு அங்கே சிக்கினால் குடல் அடைபடும், சிலவேளை குடல் துளைபடும். இப்படிப்பட்டவர்களுக்குத் தட்டை எண்டோஸ்கோபி மூலம் வாய்வழியே எடுப்பதே பாதுகாப்பானது. சிறு பிள்ளைகளுக்கும் வெட்டி விடும் முறை பொருத்தமில்லை.

இதை வைத்தியர் எப்படி அறிவார்? அட்டையைப் பார்த்து. ஆனால் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது? 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது கைவிட்ட பெட்டிகளோடு போன மருத்துவப் பத்திரங்கள் உண்டு. 2009 இல் புதுமாத்தளனில் மரத்தடியிலும் பாடசாலைக் கட்டடத்திலும் சிகிச்சை பெற்றவர்கள், கப்பலில் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்கள், பின்னர் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்கள் எனப் பலரிடம் எந்தப் பத்திரமும் இல்லை. உடம்பில் உள்ள தழும்பு மட்டும்தான் சாட்சி.

எனவே அந்தத் தழும்பைக் காட்டுங்கள். நோயாளியால் பேச முடியாது என்றால் நீங்கள் சொல்லுங்கள்: "இவருக்கு வயிற்றில் காயம் பட்டது, ஒப்பரேசன் செய்தது, எந்த ஆண்டு, எந்த இடத்தில், குடல் வெட்டினதாகச் சொன்னார்கள்." திகதி சரியாக நினைவில்லை என்றால் ஆண்டு போதும். காயம் எப்படிப் பட்டது, யாரால் பட்டது என்று விளக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய கதையைச் சொன்னால் வீண் விசாரணை வருமோ என்று தயங்கி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். வைத்தியருக்குத் தேவைப்படுவது வயிற்றில் நடந்த சத்திரசிகிச்சை பற்றிய தகவல் மட்டுமே. வயிற்றில் இன்னும் துண்டு இருக்கிறது என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

மூக்குவழிக் குழாய் எப்படி எடுக்கப்படுகிறது?

இதை விடுதியிலோ கிளினிக்கிலோ தாதிய உத்தியோகத்தர் எடுப்பார். எடுக்கலாம் என்பது வைத்தியரின் முடிவாக இருக்க வேண்டும். செய்முறை இதுதான்.

உணவு கொடுப்பதை முன்கூட்டியே நிறுத்துவார்கள். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து நெஞ்சில் ஒரு துவாயை விரிப்பார்கள். குழாய்க்குள் தேங்கியிருப்பது தொண்டையில் சிந்தாமல் இருக்கச் சிறிதளவு தண்ணீர் அல்லது காற்றைச் செலுத்தித் துப்புரவாக்குவார்கள். பிளாஸ்ரரை மெல்லக் கழற்றுவார்கள். நோயாளியை மூச்சைப் பிடித்திருக்கச் சொல்லி, குழாயை மடித்து இறுகப் பிடித்தபடி ஒரே சீராக இழுத்து எடுப்பார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். இடையில் தடை இருந்தால் பலவந்தமாக இழுக்க மாட்டார்கள். எடுத்த பின் குழாயின் நுனி முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மூக்கையும் வாயையும் சுத்தம் செய்துவிடுவார்கள்.

ஒரு நாள் இரண்டு நாள் தொண்டை நோகலாம். மூக்கில் இருந்து சிறிது சளி வரலாம். மூச்சுத் திணறல், நிற்காத இருமல், நிற்காத இரத்தக் கசிவு இருந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும்.

நோயாளி தானே பிடுங்கிவிட்டால் என்ன செய்வது? நினைவு தடுமாறியவர்கள் இரவில் பிடுங்குவது அடிக்கடி நடப்பது. நிமிர்த்தி இருத்துங்கள், மூச்சு சாதாரணமாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதி வெளியே வந்த குழாயில் உணவு கொடுக்காதீர்கள். அதை உள்ளே தள்ளவும் வேண்டாம், ஏனென்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போகக்கூடும். மீண்டும் வைத்த குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்பதை, உறிஞ்சி எடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைப் பார்த்தோ எக்ஸ்ரே எடுத்தோ உறுதிசெய்ய வேண்டும். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்பது நம்பத்தகுந்த சோதனை அல்ல.

வயிற்றுவழிக் குழாய் எப்படி எடுக்கப்படுகிறது?

பலூன் குழாய் என்றால் பலூனுக்குரிய வாயில் சிறிஞ்சைப் பொருத்தி உள்ளே உள்ள தண்ணீரை முழுவதும் உறிஞ்சுவார்கள். பிறகு குழாயை மெல்ல வெளியே எடுப்பார்கள். பெரிய வலி இருக்காது. பலூன் சுருங்க மறுப்பதும் உண்டு. அப்போது வீட்டில் குழாயை வெட்டிப் பார்ப்பது கூடாது. வெட்டிய துண்டு உள்ளே போய்விடும், பலூனும் சுருங்காமலே இருக்கலாம்.

தட்டுக் குழாய் என்றால் மூன்று வழிகள். எண்டோஸ்கோபி மூலம் தட்டைப் பிடித்து வாய்வழியே எடுப்பது முதலாவது. இழுத்தால் மடிந்துகொடுக்கும் தட்டு என்று குழாயைத் தயாரித்த நிறுவனம் குறிப்பிட்டிருந்தால், ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீராக இழுத்து எடுப்பது இரண்டாவது. இதில் சில விநாடிகள் நல்ல வலி இருக்கும் என்பதால் முன்கூட்டியே வலி மருந்து தருவார்கள். மேலே சொன்ன வெட்டி விடும் முறை மூன்றாவது. எந்த வழி என்பதைக் குழாயின் வகையும் நோயாளியின் வயிற்று வரலாறும் தீர்மானிக்கும்.

அன்றைய நாளுக்கான ஆயத்தங்கள்:

எத்தனை மணித்தியாலம் உணவு கொடுக்கக்கூடாது என்று கேட்டு அதன்படி நடவுங்கள். இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுப்பவர் என்றால் அன்றைய மருந்தை என்ன செய்வது என்று முன்னதாகவே கேளுங்கள். உணவில்லாமல் இன்சுலின் போட்டால் சீனி ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும்.

அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்பரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுக்கிறாரா என்பதைச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மீண்டும் பாரிசவாதம் வரலாம்.

நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் இருந்து வருபவர்கள் குழாய் எடுத்த அன்றே கடைசிப் படகைப் பிடிக்க ஓட வேண்டாம். நள்ளிரவில் வயிற்று வலியோ இரத்தக் கசிவோ ஏற்பட்டால் இடையில் கடல் இருக்கும். ஓரிரவு யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் விடுதியில் ஒரு நாள் வைத்திருக்க முடியுமா என்று கேளுங்கள்.

எடுத்த பின்னர்

துவாரத்தின் மேல் கோஸ் துணி வைத்துக் கட்டியிருப்பார்கள். முதல் ஓரிரு நாள் அதில் இரைப்பைத் திரவம் கொஞ்சம் கசியும். பயப்பட வேண்டாம். நனைந்த கோஸை உடனுக்குடன் மாற்றி, சுற்றியுள்ள தோலைச் சுத்தமான தண்ணீரால் கழுவி உலர்த்துங்கள். இரைப்பை அமிலம் தோலைப் புண்ணாக்கும் என்பதால் தோலைக் காக்கும் பூச்சு ஒன்றை வைத்தியசாலையில் கேட்டு வாங்கலாம். மஞ்சள், நல்லெண்ணெய், திருநீறு எதையும் துவாரத்தில் போட வேண்டாம்.

பெரும்பாலானோருக்கு சில நாட்களில் துவாரம் மூடிவிடும். முழுதாக ஆறும்வரை கீரிமலைக் கேணியிலோ கடலிலோ குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். உணவைச் சிறிது சிறிதாக, பல தடவைகளாகக் கொடுங்கள்.

குழாய் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, துவாரம் தானாக மூடாமல் தொடர்ந்து கசியலாம். இரண்டு கிழமைக்கு மேல் கசிந்தால் சத்திரசிகிச்சை கிளினிக்கில் காட்டுங்கள். மருந்தாலோ, எண்டோஸ்கோபி மூலமோ, சிறு சத்திரசிகிச்சை மூலமோ அதை மூட வழி இருக்கிறது.

கிழமைக்கு ஒரு தடவை நிறை பாருங்கள். நிறை குறைந்துகொண்டே போனால், சிறுநீர் குறைந்து கடும் நிறமானால், சாப்பிடும்போது இருமல் வந்தால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். குழாயை மீண்டும் வைக்க வேண்டி வருவது உங்கள் பராமரிப்பின் தோல்வி அல்ல.

உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கடுமையான அல்லது கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி. வயிறு பலகை போல் இறுகுதல். காய்ச்சல், நடுக்கம். நிற்காத வாந்தி. வயிறு வீங்கி, காற்றும் மலமும் போகாதிருத்தல். துவாரத்தில் இருந்து நிற்காத இரத்தம். கறுப்பு மலம். மூச்சுத் திணறல். வெட்டி விடும் முறையில் தட்டு எடுக்கப்பட்டவர்கள் வாந்தியையும் வயிற்று வீக்கத்தையும் பல நாட்களுக்குக் கவனித்துவர வேண்டும்.

வயிற்றுவழிக் குழாய் தற்செயலாக வெளியே வந்துவிட்டால்

1. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. துவாரத்தைச் சுத்தமான கோஸ் துணியால் மூடுங்கள். வந்த குழாயையோ வேறு எதையுமோ உள்ளே தள்ளாதீர்கள். தவறான பாதையில் போன குழாய்வழியே உணவு கொடுத்தால் அது வயிற்றறைக்குள் கொட்டும்.

3. வாயாலும் எதுவும் கொடுக்காதீர்கள். நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் கொடுத்திருந்தால் அதை வைத்தியசாலையில் முதலில் சொல்லுங்கள்.

4. வெளியே வந்த குழாயை எறியாமல் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதன் வகையும் பருமனும் அதிலேயே இருக்கும். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்றும் வைத்தியர் பார்ப்பார்.

5. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்துறை ஆதார வைத்தியசாலைகள், யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை ஆகியவற்றில் எது கிட்டவோ அங்கே போங்கள். தேவையானால் அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவார்கள். குழாய் வைத்து ஒரு மாதம் ஆகாதவர் என்றாலோ வலி இருந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

ஒரு தாளில் எழுதி வையுங்கள்

வைத்தியசாலையில் தரும் அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில், அவசரக் கையெழுத்தில் இருக்கும். கொழும்பிலோ மகரகமவிலோ வைத்த குழாயை யாழ்ப்பாணத்தில் எடுக்க வரும்போது அந்த அட்டை தொலைந்துபோயிருப்பதும் உண்டு. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பிய குழாய் என்றால் அதன் உறையை எறிந்துவிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் நாளிலேயே தாதியரிடமோ வைத்தியரிடமோ கேட்டு, தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள்: குழாயின் வகை. பருமன். வைத்த திகதி. வைத்த வைத்தியசாலை. உள்ளே இருப்பது பலூனா, தட்டா. பலூன் என்றால் எத்தனை மில்லிலீற்றர் தண்ணீர். அடுத்து மாற்ற அல்லது எடுக்க வேண்டிய திகதி. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள். வயிற்றில் முன்னர் நடந்த காயம், சத்திரசிகிச்சை. அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். தாள் தொலைந்தாலும் படம் இருக்கும்.

கேட்பதற்குத் தயங்க வேண்டாம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் எம்மவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உடம்பு பற்றிய அறிவு அந்த உடம்புக்குரியவரின் மொழியில் இருக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. "இது என்ன ரியூப், எப்போது வைத்தது, உள்ளே என்ன பிடித்திருக்கிறது" என்று தமிழில் கேட்டு விளக்கம் பெறுவது உங்கள் உரிமை. குழாயை எடுக்கும் நாள் வரும்போது வைத்தியர் முதலில் கேட்கப்போவதும் இதையேதான்.

இக்கட்டுரை பொதுவான விளக்கத்துக்கானது. ஒவ்வொரு நோயாளியின் நிலையும் வேறு. எப்போது, எந்த முறையில் எடுப்பது என்பதை அவரைப் பரிசோதித்த வைத்தியரே முடிவுசெய்ய வேண்டும்.